குளிர்ந்த வில்லை

அன்று காலை லேசர் அறைக்குள் நுழைந்ததும் நான் முதலில் சண்டை போட்டது ஏசியோடுதான். மதியம் பெரிய அதிகாரிகள் வருகிறார்கள், அவர்களுக்கு வியர்த்துவிடக் கூடாது என்று எங்கள் பாதுகாப்பு அதிகாரி முந்தின நாளே குளிரை ஏற்றிவைத்துவிட்டு, ரிமோட்டையும் பையில் போட்டுக்கொண்டு போயிருந்தார். மகானுபாவர். எந்நேரமும் தலைக்கவசத்தோடு திரிவதால் அவருக்கு ‘ஹெல்மெட்’ என்று பெயர். எனக்கு வாய் நீளம் என்று எல்லாரும் சொல்வார்கள். அவர் மட்டும் எதிரில் இருந்திருந்தால் அந்தப் பெயரைக் காப்பாற்றியிருப்பேன். ஆளில்லாத அறையில் கத்தி என்ன பயன்? சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வேலையைத் தொடங்கினேன்.

எனக்கும் ஒரு பெயர் உண்டு. ‘கோந்து’. பகல் முழுக்கப் பசை மாதிரி எதையாவது கிளறிக்கொண்டிருப்பவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? என் தம்பியின் பெயர் ‘நூல்’. லேசர் கதிரை ஒரு கண்ணாடியிலிருந்து இன்னொரு கண்ணாடிக்கு, அங்கிருந்து அடுத்ததற்கு என்று மேஜை முழுக்கத் திருப்பி, கடைசியில் ஊசித் துளைக்குள் நூல் கோத்தாற்போல் இறக்குவான். அதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கணக்குப் பிரிவில் இருந்த பெண்ணுக்கு நூல் விட்டுத்தான் கல்யாணம் செய்துகொண்டான் என்றும் சொல்வார்கள். அதுவும் உண்மைதான்.

இரண்டு வருடங்களுக்கு முன்னால் அவனுடைய வலது கண் போனது. யாரோ திருப்பி வைத்துவிட்டு மறந்துபோன கண்ணாடியில் பட்டு, கண்ணுக்கே தெரியாத ஒரு கதிர் நேராக உள்ளே போய்விட்டது. “கண்ணுக்குள்ள டொப்புன்னு ஒரு சத்தம் கேட்டுச்சுக்கா” என்றான். வெளியே பார்த்தால் கண் அப்படியே அழகாக இருந்தது. ஆனால் எதை நேராகப் பார்த்தாலும் அது இருக்கும் இடத்தில் ஒரு சாம்பல் பொட்டுதான் தெரியும். சுற்றியிருப்பது மட்டும் மங்கலாகத் தெரியும். போனால் போனதுதான், திரும்பி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மிச்சமிருப்பது ஒற்றைக் கண், அதையும் பணயம் வைக்க முடியாது என்று அவனை லேசர் அறையிலிருந்து எடுத்து ஸ்டோரில் உட்காரவைத்தார்கள். ஊசித் துளைக்குள் வெளிச்சத்தைக் கோத்தவன், திருகாணியை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தான். 

இதற்குத்தான் பாதுகாப்புக் கண்ணாடி இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. பச்சைக் கதிரைத் தடுக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டால் பச்சையே தெரியாது. தெரியாத கதிரை எப்படி நேராக்குவது? அதனால் எல்லாரும் கண்ணாடியைக் கொஞ்சமாகத் தூக்கிவிட்டு அடியில் ஓரக்கண்ணால் பார்ப்பார்கள். நூற்றுக்கு நூறு பேரும் இதைச் செய்வார்கள், நூற்றுக்கு நூறு பேரும் செய்வதில்லை என்பார்கள்.

நான் செய்துகொண்டிருந்த வில்லை இந்தத் திருட்டுத்தனத்துக்காகத்தான். இரண்டு மெல்லிய கண்ணாடிகளுக்கு நடுவே ஒரு கூழ். கூழுக்குள் தங்கம். அவ்வளவு பொடியான தங்கம் மஞ்சளாக இருக்காது, இளஞ்சிவப்பாக இருக்கும். என்னிடம் இருக்கிற ஒரே தங்கம் அதுதான். சாதாரண வெளிச்சத்தில் வில்லை வழியாக எல்லாம் நன்றாகத் தெரியும். வலுவான கதிர் வந்து விழுந்தால் தங்கம் அதைக் குடித்துச் சூடாகும். சூடு கூழுக்கு ஏறும். கூழ் பால் மாதிரி வெளுத்துவிடும். வந்த கதிர் நாலா பக்கமும் சிதறிப்போகும், கண்ணுக்குள் நுழையாது. கதிர் நின்று கூழ் ஆறியதும் பழையபடி தெளிந்துவிடும். ஸ்விட்ச் கிடையாது, பேட்டரி கிடையாது. கதிரின் சூடே கதிருக்குக் கதவைச் சாத்தும்.

அன்று மதியம் அதிகாரிகள் முன்னால் வில்லை தேறிவிட்டால், அதை மாட்டிய கண்ணாடியோடு தம்பி மறுபடியும் லேசர் அறைக்குள் வரலாம். ஹெல்மெட் எழுத்துமூலமாகவே ஒத்துக்கொண்டிருந்தார். தேறாவிட்டால் ஸ்டோர்தான், ஓய்வு பெறும்வரை. எனக்கு அவன் வரவும் வேண்டும், வரவும் கூடாது. மிச்சமிருக்கிற ஒரு கண்ணைக் கொண்டுபோய் மறுபடியும் அந்த மேஜை முன்னால் நிறுத்துவதா என்று ராத்திரியெல்லாம் தூங்காமல் கிடந்தேன். ஆனாலும் செய்தேன். அவனுக்காகத்தான் செய்தேன்.

வில்லைச் சோதனைகளுக்கு மட்டும் அவனை உள்ளே விட அனுமதி வாங்கியிருந்தேன், தம்பி வந்தான். வாசலில் இருந்த தட்டில் கைக்கடிகாரத்தையும் கல்யாண மோதிரத்தையும் கழற்றிப் போட்டான். பளபளப்பான எதையும் லேசர் அறைக்குள் கொண்டுவரக் கூடாது என்பது எங்கள் வழக்கம். இன்னொரு வழக்கமும் உண்டு. கதிர் போகும் மட்டத்துக்குக் கீழே எதையாவது எடுக்கக் குனிந்தால் கண்ணை மூடிக்கொண்டுதான் குனிய வேண்டும். இது எங்களுக்கு எலும்பில் ஊறிவிட்டது. வீட்டில் ஸ்பூன் விழுந்தால்கூட அக்காவும் தம்பியும் கண்ணை மூடிக்கொண்டுதான் தரையைத் தடவுவோம். தம்பி பொண்டாட்டி தலையில் அடித்துக்கொள்வாள்.

“என்னக்கா, குளிர்ல பல்லு தந்தியடிக்குது?”

“உங்க ஹெல்மெட்டோட புண்ணியம். பாப்பா தூங்கிருச்சா?”

“முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கு. நேத்து நீ சொன்னியே, மூக்கு மாறிட்டு வருதுன்னு. இப்ப யார் ஜாடைக்கா?”

இதை அவன் கேட்காத நாளே இல்லை. பிள்ளை பெற்ற பெருமை என்று நினைத்துக்கொள்வேன். “உனக்குக் கண்ணில்லையா? வீட்டுக்குப் போய் நீயே பாரு” என்று எப்போதும்போல் எரிந்து விழுந்தேன். அவனும் எப்போதும்போல் சிரித்தான்.

பாப்பாவை அவன் பார்ப்பதே தனி வேடிக்கை. காக்கா மாதிரித் தலையைச் சாய்த்துக்கொண்டு பார்ப்பான். முதல் பல் முளைத்தபோது நாங்கள் எல்லாரும் “பாரு, பாரு” என்று கூப்பாடு போட, அவன் விரலை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு, “ஆமா, இருக்கு” என்றான். பாப்பா நறுக்கென்று கடித்துவிட்டது. அதைச் சொல்லிச் சொல்லி வீடே சிரித்தது. நானும்தான் சிரித்தேன்.

ஒத்திகையைத் தொடங்கினோம். அவன் கதிரை நேராக்கினான். இப்போதெல்லாம் மீட்டரில் பீப் ஒலியை வைத்துக்கொண்டுதான் நேராக்குகிறான். கதிர் துளைக்குள் சரியாக விழ விழ ஒலி கூடிக்கொண்டே போகும். “கண்ண நம்பக் கூடாதுக்கா, காதத்தான் நம்பணும்” என்பான். ஸ்டோரில் சும்மா உட்கார்ந்து இதைக் கண்டுபிடித்திருக்கிறான் என்று மெச்சிக்கொண்டேன். விரல்கள் திருகாணியைத் திருக, ஒலி ஏறி ஏறி ஒரே கம்பியாக நின்றது. கை இன்னும் அதே கைதான்.

கதிரின் பாதையில் வில்லை. அதற்குப் பின்னால் கண்ணுக்குள் இருப்பதைப் போலவே ஒரு சின்ன லென்ஸ். லென்ஸுக்குப் பின்னால், விழித்திரை இருக்க வேண்டிய இடத்தில், ஒரு கறுப்பு அட்டை. கதிர் தப்பித்து உள்ளே வந்துவிட்டால் அட்டை பொசுங்கி வெள்ளையாகக் குழி விழும். வராவிட்டால் அட்டை அப்படியே கறுப்பாக இருக்கும். குழந்தைக்கும் புரியும் பரிசோதனை. அதிகாரிகளுக்கும் புரியட்டும் என்றுதான் அப்படி வைத்தோம்.

இருவரும் தடித்த கண்ணாடிகளை மாட்டிக்கொண்டோம்.

“போடவாக்கா?”

“போடு.”

டக். கேமராத் திரையில் வில்லையின் நடுவில் பால்வெள்ளையாக ஒரு வட்டம் பூத்தது. எனக்கு அதைப் பார்க்க எப்போதும் பிடிக்கும். டக். கதிரை மூடினான். வட்டம் சுருங்கி, கரைந்து, வில்லை பழையபடி இளஞ்சிவப்பாகத் தெளிந்தது.

தம்பி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அட்டையை உருவினான். விளக்குக்கு நேரே பிடித்துத் தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தான். “சுத்தமா இருக்குக்கா. ஒண்ணுமே இல்ல. பாஸ்!” என்று சிரித்தபடி என்னிடம் நீட்டினான்.

அட்டையின் நட்டநடுவில், கடுகளவுக்கு, வெள்ளைவெளேரென்று ஒரு குழி இருந்தது.

விளையாடுகிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். சின்ன வயதிலிருந்தே என்னைச் சீண்டுவதில் அவனுக்கு அப்படியொரு சந்தோஷம். ஆனால் அவன் முகத்தில் விளையாட்டு இல்லை. நிஜமாகவே சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தான்.

“நல்லாப் பாருடா.”

“பாத்தேனே. சுத்தமாத்தான் இருக்கு.”

“இன்னொரு தடவை பாரு.”

என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. அவன் சிரிப்பு மெல்ல அடங்கியது. அட்டையை வாங்கிக்கொண்டான். இந்த முறை விளக்குக்கு நேரே பிடிக்கவில்லை. பாப்பாவின் பல்லைத் தடவிய அதே விரலை அட்டையின் ஓரத்தில் வைத்து, மெதுவாக நகர்த்திக்கொண்டே வந்தான். நடுவில் விரல் நின்றது.

“ஒண்ணு இருக்கு” என்றான்.

 உடனே அவனே அவசர அவசரமாகச் சொன்னான்: “ரூம் சில்லுன்னு இருக்கில்லக்கா, அதான். வில்லை சூடாகி வெளுக்கறதுக்குள்ள கொஞ்சம் உள்ள போயிடுது. குளிரா இருந்தா லேட்டாகும். வில்லை மேல தப்பில்ல.”

அவனுக்கு அது எப்படித் தெரியும்? வில்லைகள் காய்ந்துபோகாமல் இருக்க நான் அவற்றை ஃபிரிட்ஜில்தான் வைப்பேன். சில மாதங்களாக இவன்தான் பிடிவாதம் பிடித்தான்: காலையில் வந்ததும் வெளியே எடுத்து வை, குளிர் விடட்டும், சில்லென்று இருக்கும்போது யாரும் தொடக் கூடாது என்று. அதிகப்பிரசங்கி என்று திட்டிக்கொண்டேதான் எடுத்து வைத்தேன்.

“எப்ப இருந்துடா?”

அவன் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

“பாப்பா பொறந்த புதுசுல. உனக்குக் காய்ச்சல், லீவுல இருந்த. சாப்பாட்டு நேரத்துல இங்க யாருமில்ல. ஒரே ஒரு தடவை கதிரப் பாத்துடலாம்னு ஆசையா இருந்துச்சுக்கா. ஃபிரிட்ஜ்ல இருந்து எடுத்தேன். மேல பனி பூத்திருந்துச்சு. சட்டையில தொடச்சுட்டு ஃபிரேம்ல மாட்டிக்கிட்டேன்.”

“அப்படியேவா?”

“அக்கா செஞ்சதாச்சேன்னு” என்றான்.

எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. அவன் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தேன். இன்னொன்றும் வைத்தேன். அவன் நகரவில்லை. அப்புறம் அடித்த முதுகையே பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் கண்ணைக் காப்பாற்ற நான் கிளறிய கூழ். என் கையால் ஊற்றி, என் கையால் மூடி, என் கையால் ஃபிரிட்ஜில் வைத்த வில்லை. அதன் வழியாகத்தான் கதிர் அவனுடைய இடது கண்ணுக்குள் போயிருக்கிறது.

“ஏன்டா சொல்லல?”

“சொன்னா நீ உசுரோட இருப்பியா? டாக்டர்தான் போன தடவையே சொல்லிட்டாரே. போய் என்ன ஆகப்போகுது?” அட்டையை மேஜையில் வைத்துவிட்டு, “பாப்பா பொறந்தப்ப நல்லாப் பாத்துட்டேன்க்கா. நேராப் பாத்துட்டேன். அது போதும்” என்றான்.

போதுமாம். பிறந்த குழந்தைக்கு முகமா இருக்கும்? எல்லாம் ஒரே சிவப்பாக, மூடிய கண்ணும் சப்பை மூக்கும்தானே. முகம் அதற்கப்புறம்தானே வரும்.

நான் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தபோது அவன் வில்லையைத் தடவி எடுத்துத் தன் இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துப் பொத்திக்கொண்டான். “இப்படிக் கொஞ்ச நேரம் வெச்சுட்டு மாட்டினா பாஸாயிடும். மத்தியானம் நானே மாட்டறேன். யாருக்குத் தெரியப்போகுது? உள்ள வந்துட்டா மீட்டர் சத்தத்த வெச்சே நான் ஓட்டிருவேன்க்கா.”

“நீ ஓட்டிருவ. உனக்கப்புறம் இத மாட்டிக்கிட்டுக் குளிர்ல நிக்கறவன்?”

அவன் வில்லையை இன்னும் இறுக்கமாகப் பொத்திக்கொண்டான்.

“அவனுக்கும் வீட்ல பாப்பா இருக்காதா?”

“இத்தன வருஷ உழைப்புக்கா.”

“மண்ணாப் போகட்டும். கைய எடு.”

அவன் கைகளைத் திறந்தான். அவசரத்தில் மேஜையிலிருந்து ஒரு திருகாணி உருண்டு கீழே விழுந்தது. சத்தம் வந்த பக்கம் அவன் உடனே குனிந்தான், கண்ணை இறுக்கமாக மூடிக்கொண்டு. கதிர் அணைந்திருந்தது. காப்பாற்ற அந்தக் கண்களில் எதுவும் மிச்சமில்லை. ஆனாலும் மூடிக்கொண்டு தரையைத் தடவினான். அன்று நான் வாய்விட்டு அழுதது அப்போதுதான்.

மதியம் அதிகாரிகள் வந்தார்கள். கடிகாரங்களைக் கழற்றிவைக்கச் சொன்னதற்கே முகம் சுளித்தார்கள். நான் வில்லையைச் சூடாக்கவில்லை. குளிர்ந்த அறையில் குளிர்ந்தபடியே மாட்டினேன். டக், டக். அட்டையை உருவி அவர்கள் கையிலேயே கொடுத்தேன். காலையில் குழி விழுந்த அட்டையையும் பக்கத்தில் வைத்தேன்.

“நேத்துகூடப் பாஸாகும்னு சொன்னீங்களேம்மா?” என்று ஹெல்மெட் பதறினார்.

“சொன்னேன். குளிர்ல இது லேட்டா வெளுக்குது. வெளுக்கறதுக்குள்ள ஒரு பொட்டு விழுந்துடுது.”

மூத்த அதிகாரி நல்ல மனிதர்தான். “ரூம கொஞ்சம் சூடா வெச்சுக்கிட்டாப் போச்சு. ஒரு கடுகளவுதானே இருக்கு?” என்றார்.

“கண்ணுக்குள்ள நேராப் பாக்கற இடமும் அவ்வளவுதான் சார் இருக்கு” என்றேன்.

கதவோரம் நின்றிருந்த தம்பி தொண்டையைச் செருமினான். “சார், இதுல எனக்காக ஒண்ணும் பாக்க வேணாம். எனக்கு இந்தக் கண்ணும் போயிடுச்சு சார்” என்றான். ரேஷன் கடையில் சர்க்கரை தீர்ந்துவிட்டது என்று சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னான்.

 ஹெல்மெட் ஒரு நாற்காலியை இழுத்து அவனுக்குப் பின்னால் போட்டார். அப்புறம் என்ன செய்வதென்று தெரியாமல் பையிலிருந்து ரிமோட்டை எடுத்து ஏசியை அணைத்தார். அவரைத் திட்ட வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் எனக்கு மறந்துபோயிருந்தன.

வீட்டுக்கு நடந்தே போனோம். அவன் என் தோளைப் பிடித்துக்கொள்ளவில்லை. தெருவின் ஓரங்கள் அவனுக்குத் தெரிகின்றன, எதிரே வருபவர்களின் முகம்தான் இல்லை. இத்தனை மாதமும் அப்படித்தான் நடந்திருக்கிறான், நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. “அவகிட்ட நானே சொல்றேன்க்கா. நீ ஆரம்பிச்சா ஊரக் கூட்டிருவ” என்றான்.

கதவைத் திறந்த அவன் பொண்டாட்டி என் வீங்கிய முகத்தைப் பார்த்துவிட்டு, “என்ன அண்ணி, ஃபெயிலா?” என்றாள். நான் தலையாட்டினேன். “போனாப் போகுது, விடுங்க. ஒரு கண்ணாவது பத்திரமா இருக்கே” என்று சொல்லிப் பாப்பாவை அவன் மடியில் போட்டுவிட்டுத் தண்ணீர் கொண்டுவர உள்ளே போனாள். அவன் தலை குனிந்துகொண்டான். அவள் வந்ததும் சொல்லத்தான் போகிறான். அதுவரை ஒரு டம்ளர் தண்ணீர் நேரம் இருந்தது.

நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் எதுவும் கேட்கவில்லை. நானாகவே சொன்னேன்.

“நெத்தி உன்ன மாதிரிடா, அகலமா. புருவம் இப்பத்தான் லேசாக் கறுக்குது. மூக்கு அவளுது. கன்னத்துல குழி விழுது, இடது பக்கம் மட்டும். கண்ணு பெருசு.”

“கண்ணு யாருது?”

“உன்னுதுதான்.”

“என்னப் பாக்குதா?”

“உன்னத்தான்டா பாக்குது.”

அவன் காக்கா மாதிரித் தலையைச் சாய்த்து, கண்ணின் ஓரத்தில் குழந்தையை எப்படியோ பிடித்துவைத்துக்கொண்டிருந்தான். அப்பா வேறு எங்கோ பார்க்கிறார் என்று பாப்பாவுக்குப் பொறுக்கவில்லை. இரண்டு கையாலும் அவன் மூக்கையும் காதையும் பிடித்து இழுத்து, முகத்தை நேராகத் தன் பக்கம் திருப்பிக்கொண்டது. நேராகத் திரும்பியதும் அவனுக்குக் குழந்தை மறைந்துபோயிருக்கும். அது பொக்கை வாயில் ஒற்றைப் பல் தெரிய அவன் கண்ணுக்குள் பார்த்துச் சிரித்தது. அவன் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அவனும் சிரித்துக்கொண்டே அப்படியே இருந்தான்.